பத்தில் ஒன்று

யானையைக் கட்டித் தீனி போடுவதுபோல என்பார்கள்.
எங்களுடையது வெறும் குதிரை.
அதற்கே பத்துப் பேர் வேண்டியிருந்தது.

லெவினில், கறி ஆலையில், சம்பளக் கணக்கு எழுதுபவள் நான்.
ஆகவே குதிரைக் கணக்கும் என் தலையில்.
தீவனம், லாடம், பல் ராவுதல்,
ஜொசலினின் பயிற்சிக் கட்டணம்,
மழைப் போர்வை கிழிந்தால் அதுவும்,
எல்லாம் கூட்டிப் பத்தால் வகுத்து
மாதக் கடைசியில் எல்லோருக்கும் அனுப்புவேன்.
வகுபடாத சில்லறையை நானே போட்டுவிடுவேன்.
அதை யாரிடமும் சொன்னதில்லை.

பெயர் லேட் ஃபெரி.
பழுப்பு உடம்பு, நெற்றியில் சிந்திய பால்.
பதினொரு பந்தயம் ஓடி
ஒன்றிலும் ஜெயிக்காதவள்.
'உன் பங்கு எந்தப் பக்கம்?' என்று
மதுக்கடையில் கிண்டல் செய்வார்கள்.
வால், என்பான் மெர்வின்.
கடிக்காத பக்கம், என்பாள் கோலீன்.
ரவிரி மட்டும் கிளாஸைக் கீழே வைத்து யோசித்தான்.
'மூச்சு.'
சிரித்தோம். வேலி போடுகிறவனுக்கு வாயைப் பார் என்றோம்.

ஞாயிறுதோறும் லாயத்துக்குப் போகிறவன் அவன்தான்.
கேரட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்பவள்
மார்மைட் தடவிய பழைய ரொட்டிக்குக்
காதை முன்னால் மடிப்பாள் என்று
கண்டுபிடித்தவனும் அவன்தான்.

ஆகஸ்ட் புயல்
அவன் கூரையில் பாதியைப் பிய்த்துப்
பக்கத்துப் பண்ணை மாடுகளிடம் போட்டது.
ஒரு மாலை என் அலுவலக வாசலில்
சேற்று பூட்ஸைக் கையில் பிடித்தபடி
ஈர சாக்ஸோடு நின்றான்.
'என் பங்கை எடுத்துக்கொள்கிறாயா?'
ஆயிரத்து ஐந்நூறு.
நான் பேரம் பேசவில்லை.
பேசியிருந்தால்
ஏதோ வியாபாரம் என்றாவது ஆகியிருக்கும்.

பதினாறு நாள்.

ஒட்டாகியில் கனத்த தரை, ஆயிரத்து நானூறு மீட்டர்.
முதல் வளைவிலேயே எங்கள் மஞ்சள் சட்டை சேற்றில் மறைந்தது.
எல்லாக் குதிரையும் ஒரே நிறம், எல்லா ஜாக்கியும் ஒரே ஆள்.
கடைசி இருநூறில் வெளிப்புறமாக ஒன்று
அவசரமே இல்லாமல் வருவதுபோல் வந்தது.
மற்றவைதான் நின்றுவிட்டன என்று நினைத்தேன்.
ஒலிபெருக்கி பெயரைச் சொன்ன பிறகே
எங்களுக்குக் கத்தத் தோன்றியது.

ரவிரியும் வந்திருந்தான்,
டிக்கெட் வாங்கிக்கொண்டு.
'உரிமையாளர்கள் மட்டும்' என்றார் சிவப்பு கோட்டுக்காரர்.
வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டான்.
அவனுக்கா வேலி தெரியாது!
கோலீனின் போனுக்குக் கை நீட்டினான்:
'நான் எடுக்கிறேன். நெருங்கி நில்லுங்க.'

படத்தில் ஒன்பது பேர்.
ஆவி பறக்கும் ஒரு குதிரை,
எங்கள் யாரையும் பார்க்காமல்
படம் எடுப்பவனைப் பார்த்துக்கொண்டு.
ஓரத்தில் மங்கலாக
ஒரு கட்டைவிரல்.

ஜாக்கிக்கும் ஜொசலினுக்கும் போகப்
பங்குக்கு எண்ணூற்று ஐந்து.
எனக்கு இரண்டு பங்கு.
கூரைப் பணம் கழித்து
நூற்றுப்பத்து லாபம்.
சரியாகத்தான் இருந்தது, மூன்று முறை கூட்டிப் பார்த்தேன்.

செப்டம்பர் முதல் தேதி
எட்டு வரவு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்பது.
ரவிரி, இருநூற்று நாற்பது.
வங்கியில் நிறுத்தச் சொல்ல மறந்திருப்பான்.
என் புத்தகத்தில் அவனுக்கு வரிசை இல்லை.
பென்சிலால் ஓரத்தில் எழுதி வைத்தேன்.

அக்டோபரிலும் வந்தது.
மறதி ஒரு மாதம் தாங்கும்.
இரண்டு மாதமா?

கேட்டுவிடலாம் என்று ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன்.
லாயத்தின் முன்னால் அவன் வண்டி,
பின்னால் கம்பிச் சுருள்கள்,
முன்சீட்டில் ரொட்டிப் பொட்டலம்.
உள்ளே அவன் எதையோ சொல்ல
அவள் மூக்கால் ஊதுவது கேட்டது.
என்ஜினை அணைக்காமல்
கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தேன்.