பதினான்காம் மழைமானி

மழைமானிக்குள் ஒரு சிறு கிண்ணம்.
நிறைந்ததும் கவிழும். கவிழ்ந்ததை எண்ணிச் சொல்லும்.
அவ்வளவுதான் அதன் வேலை.

சுங்கை பினாங் கரையோரம்
வரிசை எண் பதினான்கு
அந்த நவம்பர் இரவு
ஒரு மணிக்கு முப்பத்தொன்று என்றது,
ஒன்று இருபதுக்கு ஐம்பத்திரண்டு,
ஒன்று நாற்பதுக்கு
எதுவும் சொல்லவில்லை.

பேட்டரிக்குள் தண்ணீர்.

புள்ளிவிவரக்காரர்களின் மொழியில்
இதற்கென்றே ஒரு சொல் இருக்கிறது.
‘ஏதோ ஓர் அளவு இருந்திருக்கும், என்னிடம் இல்லை’
என்று பொருள்.
அடக்கமான சொல். எனக்குப் பிடிக்கும்.
அதை அடுத்த மொழியிடம் கையளித்தபோதுதான் வினை.
அங்கே முழு எண் என்றால் எண்ணேதான்.
ஒவ்வோர் இருக்கையிலும் யாராவது உட்கார்ந்தாக வேண்டும்;
‘காலி’ என்று எழுதி வைத்த அட்டையையும்
ஒரு பயணியாக எண்ணிவிடும்.

மறுநாள் பாயான் லெப்பாஸ் அலுவலகத்தில்
திரையில் வந்து நின்றது:
ஒன்று நாற்பது மணி, கவிழ்ந்த தடவை,
கழித்தல் இருநூற்றுப் பதினான்கு கோடியே
எழுபத்து நான்கு லட்சத்து
எண்பத்து மூவாயிரத்து
அறுநூற்று நாற்பத்தெட்டு.
அடக்கமான அந்தச் சொல்
சட்டைக்கு உள்ளே போட்டிருந்த பனியன் அது.
எல்லையைக் கடக்கையில் சட்டை கழன்றுவிட்டது.

ஷியூ லிங் கோப்பி சிந்தச் சிரித்தாள்:
‘அன்றைக்குப் பினாங்குதான்
மேகத்துக்கு மழை கொடுத்திருக்கிறது.’

தசமத்துக்கு மாற்றிப் பார்த்தேன்.
தசமங்களுக்கு இடையே ‘எண் அல்ல’ என்று ஒன்று உண்டு.
அந்த ஒன்றை உள்ளே விட
வரிசை முழுக்கப் புள்ளி சுழி என்று வால் முளைத்தது.
ஐம்பத்திரண்டு புள்ளி சுழி.
முப்பத்தொன்று புள்ளி சுழி.
அரைக் கிண்ணம் கவிழுமா?
அதோடு, அந்த ‘எண் அல்ல’வைப் பார்த்து
நீ நீதானா என்று கேட்டால்
இல்லை என்கிறது.
எத்தனை தடவை கேட்டாலும்.

மூன்று மணிக்கு அறிக்கை போக வேண்டும்.
ஹஃபீசுடின் நல்லவர், அவசரக்காரர்.
‘பூஜ்யம் போட்டுவிடுங்கள்’ என்றார்.
போட்டேன்.
வரைபடம் அழகாக வந்தது:
ஏறி, ஏறி, சட்டென்று தரையில்.
சரியாக ஒன்று இருபதுக்குப் பிறகு
மழை விட்டுவிட்டதாம்.

ஒன்று நாற்பதுக்கு நான் அங்கே இருந்தேன்.
கீழ்வீட்டுக் குணவதியின் குளிர்பெட்டி
மல்லாந்து மிதந்து வந்து
என் இடுப்பில் இடித்தது.
அதன் கதவில் ஒட்டியிருந்த மின்கட்டண ரசீது
நனையாமல் இருந்ததுகூட நினைவிருக்கிறது.
தையல் இயந்திரத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்துப்
படியேற்றினோம்.
மழை பேச்சைக் கேட்கவிடவில்லை.

இல்லை என்பது வேறு,
தெரியாது என்பது வேறு.
மிட்டாய் டப்பாவை முதுகுக்குப் பின்னால் மறைத்த பிள்ளைகூட
எதை எப்போது சொல்ல வேண்டும் என்று அறியும்.

பூஜ்யத்தை எடுத்தேன்.
எண்களுக்குப் பக்கத்தில் இன்னொரு பத்தி வைத்தேன்,
ஒற்றை இலக்கம் மட்டும் கொள்கிற ஒல்லிப் பத்தி.
ஒன்று என்றிருந்தால் பக்கத்து எண்ணை நம்பு.
சுழி என்றிருந்தால்
அங்கே என்ன எழுதியிருந்தாலும் படிக்காதே.
இரண்டு மொழிகளும் ஒப்புக்கொண்டன.
எல்லை கடந்து போய்த் திரும்பி வந்தது,
சட்டையோடு.

வரைபடத்தில் இப்போது ஓர் இடைவெளி.
கோடு அறுந்து, விடியற்காலை ஐந்துக்கு
மறுபடி தொடங்குகிறது.
‘அசிங்கமாக இருக்கிறதே, சராசரியால் நிரப்பலாமா?’
ஹஃபீசுடின் கேட்டார்.
எதன் சராசரி, என்றேன்.
அவர் பதில் சொல்லவில்லை.
அதையும் எங்கும் நான் நிரப்பவில்லை.

குணவதி வீட்டுச் சுவரில்
சேற்றுக்கோடு இன்னும் இருக்கிறது,
என் தொடை உயரத்துக்கு.
வெள்ளையடிக்கப் போகிறாளாம், சனிக்கிழமை.