பொறுப்பாளி

முறைப்பாடு செய்தது நான்தான்.
மூன்று இரவாய் எண்ணெய் வாளியை உருட்டி உருட்டி
வெள்ளவத்தை ஒழுங்கை முழுவதையும் எழுப்பியது.
காதோரம் சொறி. பின்கால் ஒன்று தரையில் படாது.

மாநகரசபை வான் பத்தரைக்கு வந்தது.
விமலசிறி வலையோடு இறங்கினார், வீசவில்லை.
மாலு பாணில் பாதியைப் பிய்த்து நீட்டினார்.
தின்றுவிட்டு அவர் சப்பாத்தை மணந்து
அங்கேயே படுத்துக்கொண்டது.
எனக்குக் கொஞ்சம் வெட்கமாய்ப் போயிற்று.

ஊசி போட்டபின் கொப்பியை விரித்தார்.
எத்தனை வருசம் இங்கே?
முந்தி எங்கே இருந்தது?
யார் பொறுப்பு?
உடைந்த தமிழில், அவசரமில்லாமல்.

இதே கேள்விகள், ஏறக்குறைய இதே வரிசை.
பொலிஸ் நிலைய வாங்கில் நான்;
எனக்காகக் கையெழுத்து வைப்பதா என்று
ஒரு சிகரெட் முடியும்வரை
வாசலில் நின்று யோசித்த லொட்ஜ் முதலாளி.

"பொறுப்பு ஆள் இல்லாட்டி?"
"பட்டி இல்லை, மிஸ்.
பட்டி இல்லாத நாயை
அடுத்த வானுக்குத் தெரியாது."

என் பெயரைச் சொன்னேன்.
அடையாள அட்டை இலக்கத்தையும், கேட்காமலே.
"நாய்க்குப் பெயர்?"
"வாளி" என்றேன்.
சிங்கள எழுத்தில் அதைக் கவனமாக எழுதினார்.
கழுத்தில் சிவப்பாக ஒரு பட்டி.

இரவு ஒரு மணி.
வாளி வாளியை உருட்டுகிறது.
மேல்மாடி மிஸிஸ் செல்லையா
ஜன்னலைத் திறந்து கத்துகிறா:
"உங்கட நாய்!"

ஓம், ஓம் என்கிறேன்,
இருட்டில் செருப்பைத் தேடியபடி.