தொண்ணூறு

கப்பலூர் சிட்கோவில்
அட்டைப்பெட்டி செய்கிறார் முத்திருளாயி.
அப்பளக் கம்பெனி ஒன்றுக்கு
மாதம் பதினெட்டாயிரம் பெட்டி.
கம்பெனி பணம் தருவது நூற்றிருபதாம் நாள்.
எங்கள் வங்கி பொறுப்பது தொண்ணூறு.
மிச்சமுள்ள முப்பது நாளுக்கு
எந்தப் படிவத்திலும் கட்டம் கிடையாது.

நான் கடன் அதிகாரி.
முப்பதாம் நாள் ஒரு குறி விழும்,
அறுபதில் இன்னொன்று,
தொண்ணூறைத் தாண்டினால் வாராக்கடன்.
இதற்கு யாரும் கையெழுத்துப் போடுவதில்லை.
நள்ளிரவில் மும்பையில் ஒரு கம்ப்யூட்டர்
தானாக எண்ணிப் பார்த்து
காலையில் சிவப்பு எழுத்தில் நீட்டும்.

விதியைத் திட்ட எனக்கு வாய் வராது.
"தெரிஞ்ச பையன்தான்" என்று அள்ளிக் கொடுத்த சொசைட்டி
திருமங்கலத்தில் ஷட்டரை இறக்கியபோது
எங்கள் சித்தப்பா, ரிட்டயரான கண்டக்டர்,
பாஸ்புக்கை மஞ்சப்பையில் சுருட்டிக்கொண்டு
பதினோரு மாதம்
அந்த வாசலுக்குப் போய்வந்தார்.

இன்னொரு விதியும் உண்டு.
சின்ன யூனிட்டில் சரக்கெடுத்தவர்
நாற்பத்தைந்து நாளில் பணம் தரவேண்டும்.
புகார் எழுதிக் கொடுங்களேன் என்றேன்.
"எழுதலாம் சார்.
அடுத்த மாசப் பெட்டிய
நீங்க எடுத்துக்குறீங்களா?"
அந்த விதிக்கு
நள்ளிரவுக் கம்ப்யூட்டர் இல்லை.

இந்த வருஷம் தொண்ணூறாம் நாள்
அழகர் ஆற்றில் இறங்கிய அன்று வந்து விழுந்தது.
மதுரைக்கு லீவு. மும்பைக்கு இல்லை.
ராத்திரி ஒன்பதுக்குக் கூப்பிட்டேன்,
பத்தரைக்குக் கூப்பிட்டேன்.
வண்டியூரில் கூட்டத்துக்குள் நின்றார்.
சாமி பார்க்கப் போகவில்லை.
பூமிராஜன் ஃபைனான்ஸ் மோர்ப்பந்தலின் பின்னால்,
அண்டாக்களுக்கு நடுவில்,
நூற்றுக்குப் பத்து வட்டிக்கு
எண்ணிக்கொண்டிருந்தார்கள்.
கணக்கில் ஏற்றிவிட்டார்களாம்;
"டவர் இல்ல சார்,
நகந்து நகந்து பாக்குறேன்."
வேட்டுச் சத்தம். கொட்டு. யாரோ ஒரு குழந்தையைத் தேடும் குரல்.
பதினொன்று நாற்பத்திரண்டுக்கு வந்தது:
வரவு, அறுபத்தெட்டாயிரத்து நானூறு.

எங்கே வாங்கினீர்கள் என்று நான் கேட்கவில்லை.
கேட்கச் சொல்லும் விதி இல்லை.

காலையில் திரையில் 'தரமான சொத்து'.
கிளையில் இந்தக் காலாண்டு புதிய வாராக்கடன் பூஜ்யம்;
வட்டார அலுவலகம் பாராட்டு அனுப்பியது,
மேனேஜர் பால்கோவா வாங்கிவரச் சொன்னார்.
அந்த முப்பது நாளைத் தாண்ட
இரண்டு லட்சம் கூட்டித் தாருங்கள் என்ற
முத்திருளாயியின் மனு மட்டும் திரும்பி வந்தது.
காரணம்: அடிக்கடி எல்லையைத் தொட்டிருக்கிறார்.
உண்மைதான்.
எல்லை எங்கே என்று
போன் செய்து சொன்னவன் நான்.

ஆய்வுக்குப் போயிருந்தேன் சனிக்கிழமை.
பசை வாடை. ஒட்டும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.
ஷெட் வாசலில் ஒரு பல்சர்,
அதன்மேல் சாய்ந்து ஒருவன்
அவசரமே இல்லாமல்
வெள்ளரிப்பிஞ்சு தின்றுகொண்டிருந்தான்.
அவனுடைய கணக்கு வாரத்துக்கு ஒருமுறை.

ஸ்டாக்கை எண்ணினேன். சரியாக இருந்தது.
"டீ சொல்லட்டா சார்?" என்றவர்
வாசலை ஒருதரம் பார்த்துவிட்டு
பையனிடம்
மூன்று விரல் காட்டினார்.