ஐந்தாம் மாடிப் பல்

தெனுலிக்கு ஐயாயிரம் வச்சதாம்.
அது செனுலி. முன்பல் போன மத்தியானத்திலிருந்து
மகளுக்குச் சகரமெல்லாம் தகரம்.
அவளின் தேவதை கறுவாத்தோட்டத்தாள்,
எங்களுடையது வெள்ளவத்தைக் கிளை என்றேன்.
மிதுஷனா சிரிக்கவில்லை.
லிஃப்ட் பழுதென்று அவவுக்குத் தெரியுமா?
எத்தனை மணிக்கு வருவா?
கதவைத் தட்டுவாவா?
தலையணையைத் தூக்கேக்க நான் முழிச்சால்?

ஓட்டுக்கூரை இருந்திருந்தால்
அணிலுக்கு எறிந்துவிட்டுக் கை கழுவியிருக்கலாம்.
எங்களுக்கு மேலே ஆறாம் மாடி,
அதற்கு மேலே தண்ணீர்த் தாங்கி,
அதற்கும் மேலே காகம்.
காகத்திடம் போய்ப் பல் கேட்க முடியாது.

வேலை முடிந்து நூறாம் நம்பர் பஸ்ஸை விட்டுவிட்டு
கோட்டையிலிருந்து புறக்கோட்டைக்கு நடந்தேன்.
கெய்சர் வீதியில் வாசல்வரை பிளாஸ்டிக் தொங்கும் கடை.
என்ன விசேசம் மிஸ், என்றார் ருஸ்மி நானா.
பல் விழுந்திட்டுது, மகளுக்கு.
எனக்கும் நாலு போயிருக்கு, ஒருத்தரும் ஒண்டும் தரல்லயே
என்று வாயைத் திறந்தே காட்டினார்.

டூத்பிரஷ் கொடுத்தால் அது தண்டனை.
டொபி, அடுத்த பல்லுக்கு முற்பணம்.
முள் ஓடாத கைக்கடிகாரம் ஒன்று
எப்போதும் பத்துப் பத்து காட்டியது.
வங்கியில் மாற்றிய புது இருபது ரூபாய்க் குற்றி
பையில் பளபளத்துக்கொண்டுதான் இருந்தது,
ஆனால் பக்கத்து மேசையில் செனுலி இருக்கிறாளே.
வாளி வாளியாய்ச் சாமான்.
ஒன்றை எடுப்பதும் வைப்பதுமாய் நின்றேன்.

கதவைத் தட்டுவாவா?

எனக்கும் ஆறு வயது. இதே வெள்ளவத்தை,
ஒரு லொட்ஜின் கடைசி அறை.
இரவு இரண்டு மணிக்கு வந்தவர்கள் தட்டத்தான் தட்டினார்கள்.
அம்மா பொலிஸ் பதிவுத் துண்டை நீட்டினா.
ஒருவன் பெட்டியைக் கிளறினான், ஒருவன் பாயை உதறினான்.
இன்னொருவன் என் தலையணையைத் தூக்கினான்.
டோர்ச் வெளிச்சம் கண்ணில் நின்று, பிறகு வாய்க்கு இறங்கியது.
அன்றைக்கு எனக்கொரு பல் ஆடிக்கொண்டிருந்தது.
சத்தம் கேட்டுவிடுமோ என்று
அதை நாக்கால் அழுத்திப் பிடித்திருந்தேன்.
அவன் ஒன்றும் எடுக்கவில்லை.
ஒன்றும் வைக்கவுமில்லை.

மிஸ்?
அந்த டோர்ச், என்றேன்.
எது?
அந்தச் சின்னது. ஊதா.
விரல் நீளம். இருநூற்றெண்பது ரூபாய்.
மூன்று தரம் அமத்திப் பார்த்தேன்.
எரியும் மிஸ், எரியும், என்றார்.

இரவு பதினொன்றரைக்குச்
செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அறைக்குள் போனேன்,
என் வீட்டில், என் பிள்ளையிடம், திருடியைப்போல.
தலையணைக்குக் கீழே பல்லோடு ஒரு கொப்பித்தாள்.
தேவதை எந்தப் பாஷை என்று தெரியாததால்
இங்கிலீஷில் இரண்டு வரி,
சிங்களத்தில் ஒன்றரை,
தமிழில் ஒன்று:
தட்ட வேண்டாம் அம்மா கலைச்சுப் போனா.

களைத்துப் போனதைத்தான் சொல்கிறாள்.
ளகரம் இன்னும் பிடிபடவில்லை.
கலைத்துப் போனவள்
இருட்டில் அதைத் திரும்பவும் வாசித்தேன்.
திருத்தவில்லை.

விடிய, கடற்கரையோரம் முதல் ரயில் போகிற நேரம்
குளியலறைக் கண்ணாடியில் ஊதா வெளிச்சம்.
வாயை ஆவென்று திறந்து
டோர்ச்சை உள்ளே விட்டுத் தேடிக்கொண்டிருந்தாள்.
வெள்ளையா ஒண்டு தெரியுது அம்மா, அரிசி மாதிரி!
பிறகு என் பக்கம் திரும்பினாள்.
இப்ப நீங்க.
வெளிச்சம் என் முகத்துக்கு வந்தது.
கண்ணை மூடிக்கொண்டேன்.

தும்மா இருங்கோ, என்றாள்,
வாயைத் திறங்கோ.

திறந்தேன்.