கோட்டில் ஒரு குழி

கொய்யைக்கேயில் ஜூலை.
மதியம் இரண்டுக்கே மலையைக் காணோம்.
கூரைக்கு ஒரு குழாய்,
குழாய்க்கு ஒரு வீட்டின் ஈர விறகு.
என் வேலை, பிள்ளைகளை ஊதச் சொல்வது.
நாளைக்குப் பத்துப் பேர் ஊதுகிறார்கள்,
மாலையில் கட்டிக்கொள்வது என் தொண்டை.

இன்று நாயரெத். எட்டு வயது.
முன்பல் ஒன்று விழுந்திருக்கிறது;
அந்தச் சந்தில் காற்று ஒழுகாமலிருக்க
உதட்டைக் குவிக்கச் சொல்லிக்கொடுத்தேன்.
மூக்கில் கிளிப்பை மாட்டியதும் சிரித்தாள்.
சிரித்ததும் இருமல்.
இருமியதும் அப்பா எழுந்து நின்றுவிட்டார்.

முதல் ஊதல் பாதியில் அறுந்தது. கணக்கில் வராது.
இரண்டாவதில், திரையிலிருந்த ஆறு மெழுகுவத்திகளில்
மூன்று அணைந்தன.
அடுத்தது:
இழு, இன்னும் இழு, வயிறு வரைக்கும் இழு,
இப்போ ஊது ஊது ஊது ஊது
விடாதே, அடியில் கிடப்பதையும் கொடுத்துவிடு,
ஊது...

"தேறினாளா?" என்றார் எலியேசர் பார்ரியா.
கோட்டு மடிப்பில் மரத்தூள்.

இதில் தேறுவது தோற்பது கிடையாது, தோன் எலியேசர்.
காற்று உள்ளே இருக்கிறது, வேண்டிய மட்டும்.
முதல் விநாடியில் எவ்வளவு வெளியே வருகிறது,
அதைத்தான் பார்க்கிறோம்.
படம் முடிந்த கொட்டகை,
கதவோ ஒருக்களித்துக் கிடக்கிறது.
அப்படி வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கோடு உச்சிக்கு ஏறி
சறுக்குமரம் மாதிரி நேராக இறங்க வேண்டும்.
இவளுடையது நடுவில் உள்வாங்கியிருக்கிறது,
யாரோ கரண்டியால் ஒரு வாய் அள்ளித் தின்றதுபோல.
எண், அறுபத்தொன்று.
இவள் உயரத்துக்கு நூறை ஒட்டி வரலாம்.

"மூச்சு முட்டுகிறதா, நாயரெத்?"
"இல்லையே."
பொய் சொல்லவில்லை அவள்.

ஸ்பேசர் வழியே சல்பூட்டமால், நான்கு தரம்.
பிறகு பதினைந்து நிமிடம் சும்மா இருக்க வேண்டும்.
அவள் கடிகார முள்ளோடு காலை ஆட்டினாள்.
வீட்டு மருந்துகளைக் காட்டச் சொன்னேன்.
நீலக் குழாய், எழுத்தெல்லாம் தேய்ந்து.
ஆரஞ்சுக் குழாய், புதுக்கருக்கு அழியாமல்;
மார்ச்சில் கொடுத்தது, நூற்றிருபதில்
நூற்றியாறு அப்படியே மிச்சம்.
"நன்றாக இருக்கிற நாளில் எதற்கென்று..."
முடிக்கவில்லை அவர்.
நானும் திட்டவில்லை.
போன குளிர்காலம் என் வீட்டில் விறகு இறக்கியவர் இவர்தான்.
ஈரமென்று வாசலில் நின்று சண்டை போட்டேன்,
பிறகு எடுத்து எரித்தேன்.
இரண்டு பேருக்கும் ஞாபகம் இருக்கிறது.
இரண்டு பேரும் கடிகாரத்தைப் பார்த்தோம்.

மறுபடி கிளிப். மறுபடி என் கூச்சல்.
ஆறு மெழுகுவத்தியும் அணைந்தன.
எழுபத்தொன்பது.

அவள் கைதட்டவில்லை.
குழாயை மடியில் வைத்துக்கொண்டு
ஒருமுறை, யாரும் கேட்காமலே, மூச்சை இழுத்துப் பார்த்தாள்.
பிறகு இன்னொரு முறை.
"எல்லாருக்கும் இவ்வளவு உள்ளே போகுமா?"

அச்சடித்த தாளில் இரண்டு கோடுகள்,
நீலத்தின் மேல் சிவப்பு.
டாக்டரிடம் காட்டுங்கள், மிச்சத்தை அவர் சொல்வார் என்றேன்.
எலியேசர் நகரவில்லை.
ரூபாய்நோட்டைச் சோதிப்பவர்போல்
தாளை வெளிச்சத்தில் பிடித்து
இரண்டு கோட்டுக்கும் நடுவே
தடித்த விரலை வைத்தார். "இந்த இடம்?"

அவளுக்கு வரவேண்டிய பாக்கி, என்றேன்.
அந்தக் கணக்கு அவருக்குப் புரியும்.

அடுத்த பெயரைக் கூப்பிட்டேன்.
குரல் எழும்பவில்லை.