பத்தாம் கூடத்துக் கதவு

பத்தாம் கூடம், கடைசி வரிசை.
வாடகை மலிவென்று எடுத்த
நாலு சதுர மீட்டர்.
இடப்பக்கம் தூண்,
வலப்பக்கம் பெண்கள் கழிப்பறை.

எதிரே இரண்டு மாடி உயரத்துக்கு
ஒரு நிறுவனம் எழும்பி நின்றது.
சுவரில் அருவி,
காப்பி ஊற்றும் இயந்திரக் கை,
வருகிறவர்க்கெல்லாம் துணிப்பை.
நானும் ஒன்று வாங்கிக்கொண்டேன்,
நல்ல பை.

நாங்கள் கீல் செய்கிறவர்கள்.
க்ரோபாவில் ஒன்பது பேர், ஒரு உலை.
கதவு அழும்வரை
கீலை யார் பார்க்கிறார்கள்?

முதல் நாள் எங்களிடம் நின்றவர்கள் பதினேழு பேர்.
பதினாறு பேர் கேட்டது
"உள்ளே ஆள் இருக்கிறதா?"
பதினேழாமவர் பேனா கேட்டார்.

கூடம் காலியானதும்
மைத்துனன் ப்ளாஷ் திருப்புளியை எடுத்தான்.
நாள் முழுக்க எங்கள் மண்டைக்குள் கிறீச்சிட்ட
அந்தக் கதவின் மூன்று கீலையும் கழற்றி
எங்களுடையதை மாட்டினான்.

மறுநாள் கதவு
பூனை நடப்பதுபோல் சாத்திக்கொண்டது.
ஒருவரும் கவனிக்கவில்லை.
நல்ல கீலின் தலையெழுத்து அது.

மூன்றாம் நாள் விடிந்ததும்
கூடக் காவலர் டெட்லெஃப், கையில் விதிப்புத்தகம்:
"திருமதி ஹ்ரிபார், பழையதை மாட்டுங்கள்.
இப்போதே."
மாட்டினோம்.

பத்து மணிக்கு ஒருத்தி கைப்பிடியை விட்டாள்.
வீறிட்டது.
கதவைப் பார்த்தாள், பிறகு எங்களை,
ஏதோ நாங்கள் கிள்ளிவிட்டதுபோல்.
"நேற்று இப்படி இல்லையே?"

"நேற்று இருந்தது இது" என்று
மேசைமேல் கீலை வைத்தேன்.

அதன்பின் ஒவ்வொரு கிறீச்சும்
எங்களுக்குத் தண்டோரா.
வரிசையில் நின்றவர்கள்
கீலைத் திறந்து மூடி, காதருகே வைத்து,
மறுபடி திறந்து மூடி.

க்தான்ஸ்கில் முதியோர் இல்லங்கள் நடத்துகிறவள்
ஈரக் கையோடு வந்து உட்கார்ந்தாள்.
இரவில் செவிலி எட்டிப் பார்த்தால்
கதவுச் சத்தத்தில் எல்லோரும் விழித்துக்கொள்கிறார்களாம்.
எத்தனை கதவு என்றேன்.
விரல் மடக்கி எண்ணியவள் பாதியில் விட்டாள்.
"முதலில் நாற்பது."
நூற்றிருபது கீல்.
ப்ளாஷ் என் காலை மிதித்தான்.

கடைசி மாலை
எதிரே அருவியை நிறுத்தினார்கள்.
நான்கு நாளும் அது இரைந்துகொண்டிருந்தது
அப்போதுதான் தெரிந்தது.

அடுத்த ஆண்டுக்கு இடம் பதியப் போனேன்.
அதே மூலை போதும் என்றேன்.
முகப்பில் இருந்த பெண் வரைபடத்தில் விரல் வைத்து
தயங்கினாள்:
"அங்கே ஒரு கதவு சத்தம் போடுமே?"

எண்ணெய் போட்டுவிடாதீர்கள் என்றேன்.