ஸ்டிக்கர் இல்லாத பாட்டில்

செக்கானூரணி தாண்டி உசிலம்பட்டி ரோட்டில்
டயர் கடைக்குப் பின்னால் இருக்கிறது பார்.
போர்டு கிடையாது.
தகரக் கூரையின் ஓட்டைகள் வழியே
மூன்று மணி வெயில்
காசு காசாக மேசையில் விழும்.
நான் உட்காரும் மேசைக்கு ஏழு.

பெங்களூரிலிருந்து வந்திருந்தான் தவமணி.
பீர் காய்ச்சும் கம்பெனியில் வேலை.
வீட்டில் தண்ணிக் கம்பெனி என்று சொல்லிவைத்திருக்கிறான்,
பொய் என்றும் சொல்ல முடியாது.

பையைத் திறந்தான்.
மிக்சர் பாக்கெட்டுகளுக்கு அடியில்
ஈரத்துண்டு சுற்றிய நாலு பாட்டில்.
'வெளிமாநிலச் சரக்கு, பிடிச்சா கேசுய்யா'
என்று வாசலைப் பார்த்துக்கொண்டே
பார் ஏலம் எடுத்த காசிமாயன்
தன் டம்ளரையும் நீட்டினார்.

கேப்பையில் காய்ச்சியது ஒன்று.
கருப்பட்டியில் ஒன்று.
மல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் போட்டது ஒன்று.
நாலாவதில் என்ன என்று அவனுக்கே தெரியாது,
லேபிள் ஒட்டும் முன்பே தூக்கி வந்துவிட்டான்.

'மடக்குன்னு குடிக்கப்படாது.
மொதல்ல மோந்து பாருங்க.
நாக்குல உருட்டுங்க.
என்ன தோணுதுன்னு சொல்லுங்க.'

பதினாறு வருஷமாய் இங்கே குடிக்கிறோம்.
என்ன தோணுது என்று
ஒருத்தரும் கேட்டதில்லை.
தொட்டுக்க என்ன என்றுதான் கேட்பார்கள்.

லாரி ஓட்டும் சோணைமுத்து
கருப்பட்டியைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு யோசித்தார்.
'ராத்திரி ரெண்டு மணி. கொட்டாம்பட்டி டீக்கடை.
கிளாசுல அடியில நிக்குமே
அந்தக் கடைசி வாய்.'

பெயிண்டர் அருளப்பன் மல்லியைக் குடித்து
'புதுச் சுவத்துல மொத பிரைமர்' என்றான்.
பிடிக்கலையா?
'பிடிச்சுத்தாண்ணே சொல்றேன்.'

'ஐசு போட்டா எல்லாம் ஒண்ணுதான்'
இது காசிமாயன்.

நான் மின்வாரியத்தில் ரீடிங் எடுப்பவன்.
நாலாவதை இரண்டு தரம் உருட்டிப் பார்த்தேன்.
'பூட்டின வீடு' என்றேன்.
தவமணி அதையும் எழுதிக்கொண்டான்.

கம்பெனியில் இதற்கென்று ஒரு வட்ட அட்டை உண்டாம்.
ருசிகளைக் கூறுபோட்டு அச்சடித்தது.
அதில் பைன் மரம் என்று ஒரு கட்டம்.
மூன்று வருஷமாய்ப் பைன் மரம் பைன் மரம் என்று எழுதுகிறான்,
பார்த்ததில்லை.

மூலை மேசையில் ஒச்சப்பன்.
குடியை விட்டுப் பதினோரு மாசம்.
இருந்தும் மில்லில் ஷிப்டு முடிந்து
நாலரைக்கு வந்துவிடுவார்.
மிளகு தூக்கலாய் ஒரு கலக்கி, ஒரு சோடா.
'இந்த நேரத்த வீட்டுல எங்க வைக்கிறதுன்னு தெரியலப்பா'
என்று ஒருமுறை சொன்னார், அதோடு சரி.

அவருக்கு யாரும் டம்ளர் நீட்டவில்லை.
அவராக எழுந்து வந்தார்.
கேப்பை பாட்டில் காலியாகியிருந்தது.
எடுத்து
மூக்குக்குக் கீழே பிடித்தார்.

ஏழு காசும் மேசையைவிட்டு இறங்கி
எப்போதோ சுவருக்குப் போயிருந்தன.
அடுப்பில் குடல் வறுத்தவள் கரண்டியை நிறுத்திவிட்டாள்.
அவர் கண்ணை மூடியதும்
எங்களுக்குத்தான் நெஞ்சு அடித்துக்கொண்டது.

'கேப்பையத் தார்ரோட்டுல காயப் போட்டிருக்கு.
நல்ல வெயிலு.
பஸ்சு ஒண்ணு அதும்மேல ஏறிப் போயிருக்கு.
இப்பத்தான் போயிருக்கு.'

பேனாவைத் திறந்த தவமணி
எழுதாமல் உட்கார்ந்திருந்தான்.
சோணைமுத்து மட்டும்
அந்த பஸ்சை ஓட்டியவர் மாதிரி
லேசாய் நெளிந்தார்.

இருட்டியதும் காலி பாட்டில் எடுக்க வந்தாள் பின்னியக்கா.
ஸ்டிக்கர் இருந்தால் கடையில் பத்து ரூபாய் திருப்பித் தருவார்கள்.
நாலையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
'இத எவன் எடுப்பான்' என்று
மேசையிலேயே விட்டுப் போனாள்.

ஒன்றை ஒச்சப்பன் எடுத்துக்கொண்டார்.
டிவிஎஸ் பெட்டியில் சாப்பாட்டுத் தூக்குக்குப் பக்கத்தில்
சாயாமல் நிறுத்தினார்.
வாய்க்குக் காகிதம் சுருட்டி அடைத்தார்.

தண்ணி ஊத்தி வைக்கவா, என்று கேட்டேன்.
'கழுவ மாட்டேன்' என்றார்.

மூன்றாவது மிதியில்
வண்டி கிளம்பியது.